மூட்டு நோவுக் குளிசை

இதை நான் கண்ணால் கண்டதில்லை. அன்று ஆஸ்பத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த றோசம்மா அக்கா சொல்லக் கேட்டது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கரடியனாற்றிலிருந்து காய்ச்சலும் வயிற்றுக்குத்துமாக வந்த அன்னப்பூரணிக்கு ஏழு மாதம். முதல் பிள்ளையை இப்படித்தான், இதே மாதத்தில், பறிகொடுத்தவள்.

குளிசை கொடுக்க வந்த தாதி றஸீனாவின் கையை அன்னப்பூரணியின் புருசன் கதிர்காமத்தம்பி மறித்தான்.

"என்ன குளிசை இது?"

"டொக்டர் சொன்னது, தம்பி. மூட்டு நோவுக்குக் குடுக்கிறது."

"பிள்ளைத்தாச்சிக்கு மூட்டு நோவுக் குளிசையோ? மத்தாக்களுக்குத் தட்டில வருது. எங்களுக்கு மட்டும் உங்கட பையிலிருந்தோ?"

அவனுக்குத் தலை கொதித்தது. அண்ணனை முஸ்லிம் ஆட்கள் வழிமறித்துக் கொண்டுபோன நாளிலிருந்து, முஸ்லிம்கள் எவர் கையாலும் அவன் தண்ணீர்கூட வாங்குவதில்லை.

தட்டிவிட்டான். குளிசை கட்டிலுக்கடியில் உருண்டது.

"என்ட அண்ணன முடிச்சீங்க. இப்ப வயித்தில கிடக்கிறதையுமா?"

"டேய், பொஞ்சாதி நோவில துடிக்கிறாள். உனக்கு இப்ப சண்டையாடா?" என்று கத்தினார் றோசம்மா அக்கா.

றஸீனா பையிலிருந்து இன்னொரு குளிசையை எடுத்தார்.

"கிருமிக்கு ஊசி போட்டிருக்கு. ஆனா பிள்ளைய வெளிய தள்ளுறது கிருமி இல்ல, தம்பி. கிருமியத் துரத்த உடம்பு ஆவேசப்பட்டு எழும்புது. அதிலதான் கருப்பை இறுகுது. அந்த ஆவேசத்த அமத்தத்தான் இது."

"உடம்பு தன்ட பிள்ளையையே தள்ளுமோ?"

"ஊருக்குள்ள ஆளத் தேடி வாறவன், பச்சப்பிள்ள கிடக்கெண்டு பாத்தா சுடுறான்?"

அன்னப்பூரணி வாயைத் திறந்தாள்.

"நீங்க தாங்க, மிஸி. இவர் கிடக்கட்டும்."

மறுநாள் குத்து அடங்கிவிட்டது. கதிர்காமத்தம்பியின் கோபம் அடங்கவில்லை. மேலிடத்தில் போய் முறையிட்டான். வீண் பிரச்சினை வேண்டாமென்று றஸீனாவை வேறு வாட்டுக்கு மாற்றினார்கள். பிள்ளை பத்தாம் மாதம் சுகமாகப் பிறந்தது. அவன் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் வைத்தான். றஸீனாவைத் தேடிப் போகவில்லை.

றோசம்மா அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு மனம் கேட்கவில்லை. அந்த நாளில் மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்தவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன்.

அந்த மாதம் சண்டையால் பாதை பூட்டு. அந்தக் குளிசை ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. றஸீனா கொடுத்தவை அவருடைய உம்மாவின் குளிசைகள்.

எங்கள் தமிழ் ஆட்கள் சுட்ட முழங்காலுக்கு வாங்கி வைத்தவை.