இன்னும் ஒரு குறை

“கிணத்துக்கு மூடி எங்கே?”

வாசலில் நின்றபடியே அதட்டினார் சுகாதார இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம்.

“போட்டாச்சுங்க ஐயா. நீங்க சொன்ன மறுநாளே செஞ்சு போட்டுட்டேன்” என்றாள் பாக்கியம்.

ஜப்பான்காரன் ஆட்சிக் காலம். காஜா பேராங் என்ற ஊரில் அவள் வீட்டுப் பின்பக்கம்தான் ஆயாக் கொட்டகை. ஜப்பான்காரன் தோட்டத்தில் மரவள்ளி நடப் போகும் தாய்மார்கள் விடிந்ததும் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். கொட்டகைக்கு அரசாங்க அனுமதி கிடைத்தால் பிள்ளைகளுக்கு அரிசி உண்டு. அதுவரை அவித்த மரவள்ளிதான். சில நாள் அதுவும் இல்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட வேண்டுமே! ஏகாம்பரம் வரும்போதெல்லாம் ஒரு குறை கண்டுபிடிப்பார். ஒருமுறை சாக்கடை. ஒருமுறை கொசுவலை. அப்புறம் இந்த மூடி. கல்நெஞ்சக்காரன் என்று பாக்கியம் அவரைச் சபிக்காத நாளில்லை.

இன்று அவரோடு ஜப்பான் அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று, மேலதிகாரி முன்னால் இந்த மனுஷன் என்ன சாக்குச் சொல்வார்?

அதிகாரி தொட்டில்களைப் பார்த்தார், தலையாட்டினார். பாக்கியத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஏகாம்பரம் நேரே கிணற்றடிக்குப் போனார். புது மூடியைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தார். பலகை இரண்டாகப் பிளந்தது.

“ஐயோ! நீங்க பிள்ளைகுட்டி பெத்தவர்தானாய்யா?” பாக்கியம் அழுதேவிட்டாள்.

ஏகாம்பரம் விரலை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“அழு! நல்லா அழு! இவருக்குத் தமிழ் தெரியாது, நான் திட்டுறதா நெனைக்கட்டும். சந்திரமதின்னு ஒருத்தி, உன்னை மாதிரியே கொட்டகை வச்சிருந்தா. போன மாசம் அவளுக்கு அனுமதி கொடுத்தேன். மறுவாரமே, பிள்ளை பார்க்கத் தெரிஞ்சவன்னு சொல்லி, போனவங்க திரும்பாத, தண்டவாளம் போடுற காட்டுக்கு லாரியில ஏத்திட்டாங்க. அவ பார்த்துக்கிட்ட பிள்ளைங்க, பகல்ல பார்க்க ஆளில்லாம, இப்ப மார்க்கெட்டுல கையேந்துது. அந்தப் பாவமே எனக்குப் போதும்! அனுமதி வாங்கின ஆயாவைத்தான் பிடிக்கிறாங்க. குறை இருந்தா, இன்னும் தயாராகலைன்னு விட்டுடுவாங்க. புரியுதா உனக்கு?”

அவர் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. கோபத்தில்தான் என்று அதிகாரி நினைத்திருக்க வேண்டும். திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாக்கியம் தொட்டில்களைத் திரும்பிப் பார்த்தாள். அரிசி போனால் போகிறது.

கண்ணைத் துடைக்காமலே, காலில் விழப் போகிறவள் போலக் குனிந்து கையைக் கூப்பினாள்.

“ஐயா, கூரையும் ஒழுகுது. அதையும் எழுதிக்குங்க.”