வளைவில் அடித்த ஹோர்ன்

"டேய் சிவகுரு! காரை நிப்பாட்டு!"

சுருவில் சந்தியில், றோட்டுக்கு நடுவில் சரவணமுத்தர் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்.

சிவகுரு பிரேக்கை மிதித்தான். பழைய ஒஸ்ரின் கார் இருமிக்கொண்டு நின்றது. நயினாதீவுக் கோயிலுக்குப் போகிற சனத்தைப் படகடியில் இறக்கிவிட்டு வெறுங்காரோடு வந்துகொண்டிருந்தான்.

"ஒவ்வொரு நாளும் விடிய என்ரை வீட்டுப் படலையடி வளைவிலை ஹோர்ன் அடிக்கிறாய். ஆருக்கடா அடிக்கிறாய்?"

ஆழ்வாப்பிள்ளையின் தேத்தண்ணிக் கடையிலிருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். சரவணமுத்தருக்குக் கலியாண வயதில் ஒரு மகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும்.

"சத்தியமா நான் அடிக்கேல்லை அண்ணை. அது தானா அடிக்குது."

கூட்டம் சிரித்தது.

"தானா அடிக்குதாம்!" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "வேறை ஒரு இடத்திலையும் அடியாதாம். அந்தப் படலையைக் கண்டால் மட்டும் காருக்கு வாய் வருகுதாம். அதுவும் பெட்டை வாசல் முத்தம் கூட்டிற நேரம் பாத்து! திரும்பி வரேக்கை ஊமை."

சிவகுருவுக்குக் காது சுட்டது. இந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் சுருவிலிலும் நாரந்தனையிலும் ஒரு வீட்டுப் பெண்ணும் இனி அவனுடைய காரில் ஏறாது. கார் ஓடாவிட்டால் அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

"வயரிலை ஏதோ பிழை அண்ணை. வீட்டை போய்ப் பாத்து..."

"வீட்டை போகத் தேவையில்லை. இஞ்சையே, எல்லாருக்கும் முன்னாலை கழட்டு. பிழை இருந்தால் காட்டு. இல்லாட்டி நாளையிலையிருந்து இந்த றோட்டாலை ஓடாதை."

"சரி. கண்டுபிடியாமல் நானும் இந்த இடத்தை விட்டு அசையன்."

காரின் முன்பக்கத்துப் பொனற்றைத் திறந்தான்.

ஹோர்ன் வயரில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொத்தானை அமத்தினால் வயர் கார் இரும்பில் முட்டும், ஹோர்ன் கத்தும். தானாகக் கத்துகிறதென்றால் எங்கோ ஓரிடத்தில் வயர் தோல் உரிந்து இரும்பில் முட்டுகிறது. எங்கே?

முன்னாலிருந்து தொடங்கினான். ஹோர்னைக் கழற்றினான், பார்த்தான், பூட்டினான். உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்த முனைகளைச் சுரண்டினான். வயரை விரலால் தடவித் தடவிக் கை எட்டிய மட்டும் போனான். காரைப் பிடித்துக் குலுக்கினான். மட்காட்டில் குத்தினான். ஹோர்ன் வாயே திறக்கவில்லை.

வெயில் ஏறியது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

"தம்பி, வேணுமெண்டால் படலையைக் கழட்டி இஞ்சை கொண்டு வரட்டே?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிவகுரு சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. அந்தப் படலையடியில் அப்படி என்னதான் இருக்கிறது?

வளைவு!

தீவு றோட்டு கயிறு பிடித்துப் போட்டதுபோல நேராகக் கிடக்கிறது. ஸ்ரியறிங் வளையத்தை முழுக்க ஒடிக்கிற இடம் அது ஒன்றுதான். போகும்போது இடப்பக்கம். திரும்பி வரும்போது வலப்பக்கம்.

"அண்ணை, நீங்களே ஏறி இருங்கோ. ரண்டு கையாலையும் ஸ்ரியறிங்கைப் பிடியுங்கோ. பொத்தானிலை கை படக்கூடாது."

சரவணமுத்தர் ஏறி இருந்தார். சிவகுரு பொனற்றுக்குள் தலையை விட்டான்.

"வலப்பக்கம் முழுக்கத் திருப்புங்கோ."

சத்தமில்லை.

"இப்ப இடப்பக்கம்."

சரவணமுத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். கடைசி முட்டுக்கு வந்ததும் சந்தியே அதிரக் கத்தியது ஹோர்ன். அவருடைய இரண்டு கைகளும் வளையத்தில் இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"சரவணமுத்தர் ஆருக்கு அடிக்கிறார்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

இந்த முறை சிவகுருவும் சிரித்தான்.

ஸ்ரியறிங் பெட்டிக்கு அடியில், கிறீஸ் அழுக்குக்குள், வயரைப் பிடித்திருந்த கிளிப் எப்போதோ கழன்று விழுந்திருந்தது. முழுக்க இடப்பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் அங்கே ஆடுகிற இரும்புக்கை உராய்ந்து உராய்ந்து வயரின் தோலை உரித்துவிட்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினான். ஆழ்வாப்பிள்ளையை இரண்டு தரம் குனிய வைத்தான். பிறகு உரிந்த இடத்தில் ஒட்டு ரேப் சுற்றி, வயரைத் தள்ளி இழுத்துக் கட்டினான். சரவணமுத்தர் மறுபடி திருப்பினார். ஹோர்ன் அடிக்கவில்லை.

"சும்மா கிடந்த பொடியன்ரை தலையிலை பழியைப் போட்டிட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டு ஆழ்வாப்பிள்ளை கடைக்குள் போனார். கூட்டமும் கலைந்தது.

சிவகுரு கையைத் துடைத்தான். அவனுக்கு மனம் இன்னும் ஆறவில்லை.

"எல்லாம் சரி அண்ணை. ஆனால் இத்தனை சனத்துக்கு முன்னாலை என்னை நிப்பாட்டிப் போட்டியள். ஒருக்காத் தனியக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்."

சரவணமுத்தர் காரிலிருந்து இறங்கினார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து விட்டார்.

"மூண்டு நாளா வேலிப் பொட்டுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். உம்மடை ரண்டு கையும் வளையத்திலைதான் இருந்தது. ஹோர்ன் அடிக்க நீர்தான் திடுக்கிட்டனீர். படலைப் பக்கம் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்லை."

"தெரிஞ்சுகொண்டோ இப்பிடிச் செய்தனியள்?"

"ஒரு கிழமையா உந்தத் தேத்தண்ணிக் கடையிலை உம்மையும் என்ரை பெட்டையையும் வைச்சுத்தான் கதை. நான் போய் 'அது வயர்' எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? மூடி மறைக்கிறன் எண்டு சொல்லுவினம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உம்மிலை எனக்குச் சந்தேகம் எண்டால், தம்பி, சந்தியிலை நிண்டு கத்துவனே? படலையைச் சாத்திப்போட்டெல்லோ கதைச்சிருப்பன்."