நாற்பதாவது அடுப்பு

மாவட்டத்தில் இப்போது குடும்பங்களை எண்ணுவது செயற்கைக்கோள்தான். விடியற்காலையில் எத்தனை அடுப்புச் சூடு தெரிகிறதோ, அத்தனை குடும்பம். நாற்பதுக்குக் குறைந்தால் ஊரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். பஸ்ஸும் ரேஷன் கடையும் அடுத்த ஊருக்குப் போய்விடும். பூரணத்தின் கணவன் உட்பட ஆண்களில் பாதிப் பேர் திருப்பூரில் இருக்கும் கரிசல்பட்டியில் முப்பத்தொன்பதுதான் தேறியது.

ஊராட்சித் தலைவர் மலைச்சாமி பூரணத்தின் வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"மத்த வீட்டுல எல்லாம் அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்சாச்சு தாயி. இன்னும் ஒத்துமையா இருக்குற மாமியா மருமக நீங்க ரெண்டு பேருதான். எண்ணி முடிக்கிற வரைக்கும் மூணு மாசம் தனி அடுப்பு வச்சு ஊரக் காப்பாத்துங்க."

மாமியார் இருளாயி கொல்லைக் கொட்டகையில் அடுப்பு மூட்டிக்கொண்டாள். பூரணத்துக்குத்தான் தனியாகச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருடம் ஒரே சட்டியில் உண்டவர்கள்.

எண்ணிக்கை முடிந்தது, ஊர் தப்பியது. சேதி கேட்டதும் பூரணம் கொல்லைக்கு ஓடினாள்.

"அத்தே, நாளையிலேர்ந்து சேர்ந்தே பொங்குவோம்."

இருளாயி கருவாட்டுக் குழம்பைக் கிண்டியபடி, "வேணாம்த்தா" என்றாள்.

"ஏன்?"

"உன் குழம்புல புளி கம்மி."

"பதினோரு வருசமா சொல்லலையே!"

"சொன்னா சண்டை வருமே."

பூரணம் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கினாள். புளிப்பில் கண் கலங்கியது. நன்றாகத்தான் இருந்தது. ஒரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்காரியைப் போல நடந்தாள்.