மூன்று சின்னப் பெட்டிகள்

“அப்பா, இதில ஒருக்காத் துப்புங்கோ.”

விடிய நாலு மணி ஷிப்டுக்குப் போய்வந்த இராசரத்தினம் இன்னும் சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்கவில்லை. மகள் சாருஜா ஒரு சின்னக் குழாயை நீட்டிக்கொண்டு நின்றாள். மேசையில் மூன்று பெட்டிகள் இருந்தன.

“என்ன பிள்ளை இது?”

“டிஎன்ஏ டெஸ்ட். யனுஷன் வாங்கித் தந்தவர். எங்கட மூண்டு பேரின்ர எச்சிலையும் அனுப்பினா பரம்பரை முழுக்க வரும். ஆருக்கு ஆர் சொந்தம் எண்டும் வரும்.”

அடுத்த மாதம் சாருஜாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை யனுஷன், லண்டன் ஹவுன்ஸ்லோப் பெடியன். மண்டபத்தில் இரண்டு வீட்டுக் குடும்ப வரலாற்றையும் திரையில் காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் பக்கம் பூட்டன் தலைப்பாகையோடு நிற்கிற படம்வரை இருந்தது. இவர்கள் பக்கம் பெண்ணின் தாய் தகப்பனுடைய கலியாணப் படம்கூட இல்லை.

“படமெல்லாம் ஷெல்லடியில எரிஞ்சு போச்சு எண்டு எத்தினை தரம் சொல்றது?” என்றாள் அவர் மனைவி குமுதினி, குசினிக்குள் இருந்து.

“அதுதானம்மா எச்சில் கேக்கிறன். அது எரியாதுதானே.”

“சாப்பிட்டிட்டுத் துப்பலாமோ?” என்று கேட்டார் இராசரத்தினம்.

“சாப்பிட்டா அரை மணித்தியாலம் பொறுக்கோணும்.”

“அப்ப சாப்பிடுறன்.”

சாருஜா சிரித்தாள். “சரி, நான் தைக்கக் குடுத்த பிளவுஸை எடுத்துக்கொண்டு வாறன். வந்த உடனே மூண்டு பேரும் துப்புறம்” என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருப் பக்கம் போனாள்.

குமுதினி சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கறிச் சட்டியும் அகப்பையுமாக எதிரே இருந்தாள். இருவரும் பெட்டிகளைப் பார்த்தார்கள்.

“இனி மறைக்க ஏலாது, குமுதினி.”

“ஓம்.”

முப்பத்தொரு வருடங்களுக்கு முன்பு, பாங்கொக் விமான நிலையத்தில்தான் இருவரும் ஒருவரை ஒருவர் முதன்முதலாகக் கண்டார்கள். வெளிநாட்டுக்குக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வேறு யாரோ ஒரு குடும்பத்தின் பாஸ்போட்டில் படம் மாற்றி வைத்திருந்தான். புருஷன், பெண்சாதி, கைக்குழந்தை. “லண்டன் போய்ச் சேருமட்டும் நீங்கள் ஒரு குடும்பம். தேவையில்லாமல் வாய் திறக்கக்கூடாது” என்றான். குமுதினியின் தோளில் எட்டு மாதப் பிள்ளை நித்திரையாகக் கிடந்தது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை எடுத்த அன்றே குமுதினி சொல்லிவிட்டாள்: “பழங்கதை ஒண்டும் கேக்க வேண்டாம். நானும் கேக்கமாட்டன்.” அவரும் இலங்கைச் சண்டைக்குள் இருந்து வந்தவர்தான். கிளறினால் சாவுக் கதைதான் வரும் என்று தெரியும். கேட்கவில்லை. ஆனால் கைக்குழந்தையோடு நிற்கிற ஒருத்தியை விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் பிரிவோம் என்றிருந்தார்கள். பிறகு பல் முளைத்தது. பிறகு பள்ளிக்கூடம். பொய்க் குடும்பம் எந்தத் தேதியில் மெய்க் குடும்பமானது என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. வேறு பிள்ளை பிறக்கவில்லை. சாருஜா இருந்ததால் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

இராசரத்தினம் சோற்றைப் பிசைந்தாரே தவிர ஒரு வாய் வைக்கவில்லை.

“எனக்குக் களைச்சுப் போச்சு. வேலை செய்து இல்லை, பொய் சொல்லிக் களைச்சுப் போச்சு. பெட்டி சொல்ல முதல் நாங்களே சொல்லுவம்.” அவர் சோற்றைத் தள்ளி வைத்தார். “நான் பெத்த தகப்பன் இல்லை எண்டு தெரிஞ்சா, அவள் என்னை அப்பா எண்டு கூப்பிடுவாளோ தெரியாது. பரவாயில்லை. அவளின்ர தகப்பன் ஆர், அவருக்கு என்ன நடந்தது எண்டு நீர் ஆறுதலாச் சொல்லும். நான் பக்கத்தில இருக்கிறன்.”

குமுதினியின் கையில் இருந்த அகப்பை மெல்லச் சட்டிக்குள் இறங்கியது.

“நானோ? எனக்கு என்னெண்டு தெரியும்? ‘தாயில்லாப் பிள்ளை, தகப்பன் அந்தா நிக்கிறார், பிளேன் ஏறுமட்டும் வைச்சிருங்கோ’ எண்டெல்லோ ஏஜென்சிக்காரன் என்ர கையில தந்தவன். அவள் உங்கட பிள்ளையெண்டுதானே நான் இவ்வளவு காலமும் விட்டிட்டுப் போகாமல் நிண்டனான்?”