மாதிரிக் கையெழுத்து

“அடுத்தவங்க கையெழுத்தைப் போட்டு வீட்டை வித்தானே, அவன் கை விளங்குமா? சொல்லுங்க, விளங்குமா?”

காலையிலிருந்து மனைவி இதையேதான் கேட்கிறாள். வக்கீல் முன்னால் வந்து உட்கார்ந்தும் விடவில்லை. கணவன் தண்ணீர் பாட்டிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருடம் வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பினால், சொந்த வீட்டு வாசலில் வேறு பூட்டு. எவனோ கணவன் பெயரில் பத்திர ஆபீஸில் போய் நின்று, கையெழுத்துப் போட்டு, வீட்டை விற்றே விட்டான்.

“சாவி உங்ககிட்டதானே இருந்தது அண்ணி? வீடு காலியாக் கிடக்குன்னு வெளியாளுக்கு எப்படித் தெரியும்?”

மனைவி கேட்டது கணவனின் அக்காவை. அவள் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

“வாராவாரம் பெருக்கித் துடைச்சது நான்தான். வித்தது நானில்லை.”

“நான் உங்களைச் சொன்னேனா?”

“சொல்லிட்டுத்தானே இருக்கே.”

வக்கீலம்மா பேனாவால் மேஜையைத் தட்டினாள். “சண்டையை வீட்டுல போய் வச்சுக்குங்க.”

“வீடு எங்கே மேடம் இருக்கு?”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

“கேளுங்க. ஆள்மாறாட்டம்னு போலீஸ்ல இன்னைக்கே புகார். அந்தப் பத்திரம் செல்லாதுன்னு கோர்ட்டுல வழக்கு. வாங்கினவர் வேற யார் தலையிலயும் கட்டிடாம இருக்க உடனே ஒரு தடை உத்தரவு. இது மூணும் நான் பார்த்துக்கறேன். ஆனா எதிர்ப்பக்கம் சும்மா இருக்க மாட்டாங்க. ‘வீடு முழுசும் உனக்கு எப்படி வந்தது?’ன்னுதான் முதல்ல கேட்பாங்க.”

“மாமனார் வீடு மேடம். அண்ணி தன் பங்கு வேண்டாம்னு அப்பவே இவருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க.”

வக்கீலம்மா ஃபைலிலிருந்து அந்த விடுதலைப் பத்திரத்தை உருவி அக்கா பக்கம் நகர்த்தினாள். “இது உங்க கையெழுத்துதானே?”

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். கழற்றி மறுபடியும் துடைத்தாள்.

“இப்பப் பார்த்துப் பல்டி அடிக்கப் போறாங்க பாருங்க,” என்று மனைவி கணவன் காதைக் கடித்தாள்.

கணவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“அம்மா, உங்களைத்தான். நீங்க இல்லைன்னு சொன்னா பாதி வீடு இவருது இல்லை. கேஸே படுத்துடும். உங்களுதா, இல்லையா?”

“என்னுதுதான்.”

கணவன் கையிலிருந்து மூடி உருண்டு மேஜைக்கு அடியில் போனது.

“நல்லது. கோர்ட்டுக்கு வந்து இதையே சொல்லணும். சந்தேகம் வந்தா, ஜட்ஜ் முன்னாடியே மாதிரிக் கையெழுத்துப் போடச் சொல்வாங்க. பயப்படாதீங்க, வழக்கமாப் போடற மாதிரி போட்டா போதும். நான் மனுவை டைப் பண்ணச் சொல்லிட்டு வந்துடறேன்.”

கதவு சாத்திக்கொண்டது.

“தேவையில்லாம பயந்துட்டேன் அண்ணி,” என்று மனைவி இழுத்தாள்.

அக்கா காதில் வாங்கவில்லை. பத்திரத்தைத் தம்பி பக்கம் திருப்பி வைத்தாள். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவன் முன்னால் தள்ளினாள்.

“தம்பி, என் பேரை என்னவோ சுழிச்சுச் சுழிச்சுப் போட்டிருக்கே. கோர்ட்டுல தடுமாறிடுவேன். எங்கே ஆரம்பிக்கணும்னு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டேன்!”