பதினேழாம் குப்பி

கொசுவின் குரோமோசோமைப் பார்த்து, அது மலேரியா பரப்பும் இனமா, சாது இனமா என்று சொல்வது என் வேலை. பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. கொசுவுக்கு ஜாதகம் பார்க்கிறவன் என்று என் மனைவி என்னைக் கேலி செய்வாள்.

புதிதாக வந்த அதிகாரி அம்மா ஃப்ரீசரைத் திறந்தார்.

"பதினேழாம் குப்பியில ஒரே ஒரு கொசு. மூணு வருஷமா என்ன இனம்னு எழுதலையே, ஏன் சார்?"

"வயிறு முட்டக் குடிச்சுட்டுத் தூங்கறா மேடம். எழுப்ப மனசு வரல."

"விளையாடாதீங்க. டி.என்.ஏ. சோதனைக்கு ஒரு கால் போதும், நானே பாத்துடறேன்."

அவர் இடுக்கியை எடுத்தார். நான் குப்பியைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"வேண்டாம் மேடம். மலேரியா இனம்னு தெரிஞ்சுட்டா இதை வெறுக்கணும்."

"கொசுவை வெறுத்தா என்ன சார்?"

"காய்ச்சல்ல போன என் பொண்ணோட கொசுவலைக்குள்ள, அன்னிக்குக் காலையில பிடிச்சது. இது வயித்துல இருக்கறது அவ ரத்தம். இப்ப அது வேற எங்கயும் இல்ல."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். குப்பியை என்னிடமிருந்து வாங்கி, பழைய இடத்திலேயே வைத்தார்.

"கதவை மெதுவா மூடுங்க சார்," என்றார். "தூங்கட்டும்."