ஈரம் படாத சிவப்பு

"உள்ள வராதீங்க! அங்கினயே நில்லுங்க!"

வருங்கால மருமகள் ஜினிஷா போட்ட சத்தத்தில், ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றுவிட்டாள் நேசபாய். இரணியலிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஐப்பசி மழையில் குடை பிடித்தும் தொப்பலாக நனைந்து கல்லூரிக்கு வந்தவளுக்குக் கிடைத்த வரவேற்பு இது.

"ஏட்டி, மாமியாருக்க மொகத்துல கதவ அடைக்கியா?"

"ஐயோ மாமி, தப்பா நினைக்காதீங்க. குப்பியைத் தொறந்து வச்சிருக்கேன். ஈரம் பட்டா மூணு வாரத்து வேலை போச்சு."

நேசபாய் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைப் பிழிந்தாள். முழுசாக அரை மணி நேரம். முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு வழியாகக் குப்பியை இறுக மூடிவிட்டு, ஜினிஷா அவளை உள்ளே அழைத்தாள். அறை விளக்கை அணைத்து, புற ஊதா விளக்கைப் போட்டாள். தண்ணீர் மாதிரி கிடந்த திரவம் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது.

"எம்மாடி! என்னத்த இது?"

"யூரோப்பியம், மாமி. நம்ம மணவாளக்குறிச்சி கடல் மண்ணுல அபூர்வ உலோகமெல்லாம் எடுக்காங்கல்லா, அந்தக் கூட்டத்துல ஒண்ணு. உப்புல கரைச்சிருக்கேன்."

"உப்புத் தண்ணியிலயா?"

"தண்ணியே கிடையாது. இந்த உப்பு அடுப்புல வைக்காமலே உருகி நிக்கும். ஆனா துளி தண்ணி கலந்தாலும் வெளிச்சம் மங்கிரும்."

"அணைச்சிட்டு இன்னொருக்கப் போடு, பாப்போம்."

போட்டாள். நேசபாய் கன்னத்தில் கைவைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்த வேலையெல்லாம் எப்பம் முடியும்?"

"மழை விட்டு, ஜனவரியில இருந்து மே வரை அளவெடுத்தா டாக்டர் பட்டம் வாங்கிரலாம், மாமி. ஆனா..."

ஆனாவுக்கு அப்புறம் என்ன என்பது இருவருக்குமே தெரியும். ஜனவரியில் கல்யாணம், கையோடு துபாய்க்கு அழைத்துப் போய்விடுவேன், படித்தது போதும் என்று நேசபாயின் மகன் அபினேஷ் போனில் கறாராகச் சொல்லியிருந்தான்.

"பின்ன? நான் சும்மாவா மழையில வந்தேன்?" நேசபாய் பையிலிருந்து ரசீதை எடுத்து நீட்டினாள். "ஜனவரி பதினாறுக்கு மண்டபம் கிடைச்சாச்சு, கேட்டியா? காலையிலதான் பதிஞ்சேன். உனக்குக் காட்டிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

ஜினிஷா ரசீதை வாங்கினாள். அழக்கூடாது என்று குப்பியையே பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

அப்போது நேசபாயின் செல்போன் அடித்தது. மகன்தான்.

"ஆமா மக்கா, மண்டபத்துக்குத்தான் போயிருந்தேன்." நேசபாய் ஜினிஷாவின் கையிலிருந்த ரசீதை வாங்கி, நாலாக மடித்து, சொட்டச் சொட்ட நனைந்திருந்த குடைக்குள் போட்டாள். "என்ன செய்ய? ஜூன் வரைக்கும் ஒரு நாள்கூட ஒழிவில்லன்னுட்டானுவ!"